பிரட்டுக்கும் பனிக்கும் இடையே ஓர் ஓட்டம்

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பொழுது புலர்வதற்கு முன்பே நானுஓயாப் புகையிரத நிலையத்துக்கு அருகில் நின்றுகொண்டிருந்தேன். கம்பளியைத் தலையோடு போர்த்திய முதியவர் ஒருவர் தேநீர்க் கடை அடுப்பை ஒட்டிக் குந்தியிருந்தார். மூச்சை விட்டால் அது வெண்புகையாய் முகத்துக்கு முன்னே சற்று நேரம் நின்று பிறகே கலைந்தது. அவ்வேளையில் பனிமூட்டத்தின் உள்ளிருந்து காலடிச் சத்தம் கேட்டது. இளைஞர் எழுவரும் யுவதிகள் மூவருமாகப் பத்துப் பேர் வரிசையாக ஓடி வந்தனர்.

"என்னா தம்பி, யாரு தொரத்துறா? விடியிறதுக்குள்ள இந்த ஓட்டம் ஓடுறீங்க?" என்றார் முதியவர்.

"குளிருதான் தாத்தா தொரத்துது!" என்று ஒருவன் நில்லாமலே விடை பகர்ந்து சென்றான். கடையில் இருந்தவர் யாவரும் சிரித்தனர்.

நேயர்களே, முதியவரின் கேள்வி வேடிக்கையாய்த் தோன்றினாலும் அதனுள்ளே ஒரு கணக்கு உண்டு. தோட்டத்தில் உழைத்துப் பிழைப்போருக்குத் தேகமே முதல். காலையில் ஏறி மாலையில் இறங்கும் மலையில் செலவாவது போக எஞ்சும் சக்தியை, ஒரு சதமும் கிட்டாத ஓட்டத்தில் கரைப்பானேன் என்று பெரியவர்கள் எண்ணுவதில் தவறில்லை. ஆயினும், அன்று ஓடியவர்களுள் ஒருத்தி பின்னர் என்னிடம் கேட்ட கேள்வியையும் நான் மறக்க இயலவில்லை. பாடசாலையில் 3000 மீற்றர் ஓட்டத்தில் பரிசு பெற்றவள், வயது பத்தொன்பது, இப்போது கொழுந்து பறிக்கிறாள். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். "கொழுந்துக்குப் போனா ஓட்டத்த விட்டுரத்தான் வேணுமா சார்?" இதுவே அவள் கேட்டது. 'வேண்டாம்' என்று ஒரு சொல்லில் விடையளித்துவிட்டு வீடு திரும்ப எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு பழைய செய்தி. மலையகத்துக்கு ஓட்டம் புதிதன்று. முன்னாளில் ஒவ்வொரு தோட்டத்திலும் தப்பால்காரர் என்று ஒருவர் இருந்தார். தோட்டத்துக் கடிதங்களைத் தோற்பையிலே சுமந்து, தபாற்கந்தோருக்கும் துரையின் பங்களாவுக்கும் இடையே மழையென்றும் வெயிலென்றும் பாராமல் நடந்தும் ஓடியும் திரிந்தவர் அவர். 1885ஆம் ஆண்டு நாவலப்பிட்டியிலிருந்து நானுஓயாவுக்குப் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது. 1893இல் அது அப்புத்தளை வரை நீளும் மட்டும் மலைநாட்டுப் பாதையின் கடைசி நிலையம் நம்முடைய நானுஓயாவே. கொழும்பிலிருந்து வந்த கடிதங்கள் இங்கு இறங்கியபின், மலைகளுக்குள்ளே அவற்றைக் கொண்டுசென்றவை மனிதக் கால்கள்தாம். பாடசாலை விளையாட்டுப் போட்டியிலே கோலைக் கைமாற்றி ஓடும் ஓட்டத்தை நாம் 'அஞ்சலோட்டம்' என்று அழைக்கிறோம். அப்பெயருக்குள் அந்தத் தப்பால்காரரின் இனத்தவர் ஒளிந்திருப்பதை எத்தனை மாணவர் அறிவர்?

அதற்கும் முன்னே, கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாகவே மலையேறியவர்கள் நம் முன்னோர். அந்நடையில் வழியிலே மாண்டோர் பலர். அது விருப்பத்தால் நடந்த நடையன்று. விரும்பி ஓடும் உரிமை அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது என்றால், அதைச் சிறிய காரியமென்று நான் கருதவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். முன்னாளில் தப்படித்து எழுப்பிய பிரட்டுக்கு இன்று தப்பு இல்லாவிடினும் நேரம் அதேதான். விடிந்ததும் விடியாததுமாகப் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். கூடையை மாட்டி, படங்கைக் கட்டி மலையேறினால், கடைசிக் கொழுந்து நிறுத்து முடிய மாலை நாலரை, ஐந்தாகும். நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 18 கிலோ என்பது பலர் வாயிலும் கேட்கும் கணக்கு. ஜனவரி மாதப் பிற்பகுதியில் இங்கு சூரியன் எழ 6.20க்கு மேலாகும், மாலையில் 6.10 அளவில் மறையும். கார்த்திகை மாதத்திலோ ஆறு மணிக்கு முன்னரே மறைந்துவிடும். பள்ளத்தாக்கிலுள்ள லயங்களுக்கு மலையின் நிழல் அதற்கும் முந்தி வந்துவிடும். ஆகவே பிரட்டுக்கு முன் ஓடுவதாயின் இருளில் ஓட வேண்டும். நிறுவைக்குப் பின் ஓடுவதாயின் கைக்குக் கிடைப்பது ஒரு மணி நேர வெளிச்சம்.

அந்த ஒரு மணி நேரம் போதுமா? போதும் என்பதே என் முடிவு. நாள் முழுவதும் சரிவில் ஏறி இறங்கிய கால்களுக்கு மேலும் ஏற்றம் தேவையில்லை. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று மாலைகள், தொழிற்சாலைக்குப் போகும் வண்டிப் பாதையின் சமதரையில், முப்பது முதல் நாற்பது நிமிடம், பக்கத்தில் ஓடுபவருடன் பேச்சு அறுபடாத வேகத்தில் ஓடினாற் போதுமானது. பேச முடியாமல் மூச்சு முட்டினால் வேகம் மிஞ்சிவிட்டது என்று கொள்க. நீண்ட ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கோ போயா தினத்துக்கோ வைத்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் கொழுந்து பொங்கி வரும். அப்போது ஞாயிறும் கைக்காசுக்குப் பறிக்கப் போகிறவர்கள் உண்டு. அந்த வாரங்களில் ஓட்டத்தைப் பாதியாக்கிவிடுவதே விவேகம். இழந்த ஓட்டத்தை மறு வாரம் சேர்த்து ஓடி ஈடுசெய்ய முயன்ற எத்தனையோ பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை நான் கண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அவர்களுள் நானும் ஒருவன்.

ஏற்றத்தைவிட இறக்கம் பொல்லாதது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். நானுஓயா நிலையம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,620 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் தெருவில் நாம் 250 மீற்றர் மேலே ஏறுகிறோம். ஏறும்போது நெஞ்சு நோகும். அது சற்று நேரத்தில் ஆறிவிடும். இறங்கும்போதோ, ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டவாறே பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால், மறுநாள் காலையில் லயத்துப் படியில் இறங்குவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டிவரும். திங்கட்கிழமை பிரட்டுக்குப் போகிறவர் அதைத் தாங்கமாட்டார். இறக்கத்தில் அடியைச் சுருக்கி மெல்ல வருதல் வேண்டும்.

உயரத்தைப் பற்றி இன்னும் சிறிது. இவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்களவே. இதனை விஞ்ஞானி வந்து சொல்ல வேண்டியதில்லை. நம் இல்லத்தரசிகளைக் கேட்டால், பருப்பு இங்கு வேகச் சுணங்கும் என்பார்கள். நீர் 100 பாகையில் அல்லாமல் 95 பாகைக்கு முன்பே கொதித்துவிடுவதே காரணம். காற்று மெலிந்தால் பிராணவாயுவும் குறையும். அக்குறையை ஈடுசெய்ய உடல் செங்குருதிச் சிறுதுணிக்கைகளை அதிகமாய் உண்டாக்குகிறது. 1968இல் 2,240 மீற்றர் உயரமுள்ள மெக்சிக்கோ நகரில் ஒலிம்பிக் விழா நடைபெற்றபோது, நெடுந்தூர ஓட்டங்களில் மேட்டுநிலத்தார் வென்றதை உலகம் வியந்து பார்த்தது. 10,000 மீற்றரில் கென்யாவின் நப்தாலி தெமுவும், மரதனில் எதியோப்பியாவின் மாமோ வோல்தேயும் தங்கப் பதக்கம் பெற்றனர். நம் நாட்டு ஓட்ட வீரரும் மேட்டுநிலப் பயிற்சிக்கென நுவரெலியாவுக்கு வந்துபோவது வழக்கம். அவர்கள் பணம் செலவிட்டுத் தேடி வரும் காற்றை நாம் இலவசமாய்ச் சுவாசிக்கிறோம்.

கென்யாவைப் பற்றிப் பேசுகையில் ஒன்று சொல்லாமல் மேலே போக முடியவில்லை. ஒலிம்பிக்கில் அந்நாட்டுக்கு முதற் பதக்கம் பெற்றுத் தந்தவர் வில்சன் கிப்ருகுட். 1964இல் டோக்கியோ நகரில், 800 மீற்றரில். அவருடைய ஊர்ப்புறம் கெரிச்சோ. கெரிச்சோ என்பது என்ன? சுமார் 2,000 மீற்றர் உயரத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை விளையும் மலைநாடு! ஏற்றுமதியில் நம் தேயிலைக்குப் போட்டியாய் நிற்கும் தேயிலை அங்கிருந்தே வருகிறது. அதே பயிர், அதே குளிர், அதே மெலிந்த காற்று. அங்கிருந்து ஒலிம்பிக் வீரர் எழுந்தார். இங்கிருந்து ஏன் அத்தனை பேர் எழவில்லை என்ற கேள்வி எழுவது இயல்பு. காற்று மட்டும் வீரரை உண்டாக்காது. பயிற்சி முகாமும், பயிற்றுநரும், வெற்றிக்குப் பரிசும், ஓடியவருக்கு உத்தியோகமும் அங்கே ஓட்டத்தோடு பிணைந்திருக்கின்றன. நம்மிடத்தும் ஒளிக்கீற்று இல்லாமல் இல்லை. மலையகத் தோட்டப்புறத்திலிருந்து புறப்பட்ட குமார் சண்முகேஸ்வரனும் வேலு கிரிஷாந்தினியும் நெடுந்தூர ஓட்டத்தில் தேசிய மட்டத்தில் பெயர் பதித்தவர்கள். இவ்விரு பெயர்களையும் ஞாயிறு ஓட்டக்காரர் யாவரும் அறிந்திருக்கின்றனர். சினிமா நட்சத்திரங்களின் பெயர்களுக்கு அடுத்தபடியாக என்று வேண்டுமானால் சொல்லலாம்.

குளிர்காலத்துக்கு வருவோம். மேற்குச் சரிவிலுள்ள நம் பகுதியில் வைகாசி முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அம்மாதங்களில் ஓடுபவருக்குச் சேறும் அட்டையும் துணை. தை முதல் பங்குனி வரையோ வானம் வெளுத்து, வறண்ட குளிர்காற்று வீசும். கொழுந்து குறைந்தாலும் மணமும் சுவையும் மிக்க தேயிலை கிடைக்கும் பருவம் இதுவே. நுவரெலியாவை அடுத்த பள்ளங்களில் சில விடியல்களில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாய்ப் படியும். உருளைக்கிழங்குச் செடியும் தேயிலைத் தளிரும் கருகும். ஓடுவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை, குளிரை ஆளத் தெரிந்தால்.

குளிர் ஓடுகிறவரைப் பிடிப்பதில்லை, நின்றவரையே பிடிக்கும். வேர்த்த பனியனோடு மலைமுகட்டில் நின்று கதைபேசினால், ஈரமும் காற்றும் சேர்ந்து சில நிமிடங்களில் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே உலர்ந்த மாற்றுடுப்பு ஒன்று ஓட்டம் முடியும் இடத்தில் காத்திருக்க வேண்டும். ஒரு தடித்த சட்டையைவிட இரண்டு மெல்லிய சட்டைகள் மேல். காதையும் கையையும் மூடினால் பாதிக் குளிர் போயிற்று. மலைப்பாதைகளில் இறங்கும் துவிச்சக்கர வண்டி வீரர்கள் நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே செய்தித்தாள் ஒன்றைச் செருகிக்கொள்வது மேல்நாட்டிற் பழைய வழக்கம். காற்று அதனைத் துளைக்காது. இப்பத்திரிகையை வாசித்து முடித்த பின் அதற்கும் அது உதவும் என்பதை ஆசிரியர் மன்னிப்பாராக!

முதற் பத்து நிமிடம் நடையும் மெல்லோட்டமுமாய் உடலைச் சூடேற்றாமல் வேகம் பிடிக்கலாகாது. வறண்ட குளிர்காற்று சிலருக்கு மூச்சுக்குழலைச் சுருக்கி இழுப்பை உண்டாக்கும். அவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடி ஓடுதல் நலம். வைத்தியர் தந்த மருந்தைக் கையிலே வைத்திருப்பது அதனினும் அவசியம்.

தனியே ஓடாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் குளிர் மட்டும் காரணமன்று. மலைநாட்டுத் தேயிலைக்குள் சிறுத்தை நடமாடுகிறது என்பது கட்டுக்கதையன்று. குளவிக் கூட்டைக் கலைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. கொழுந்து பறிப்போர் பலர் அதற்குப் பலியாகியிருக்கின்றனர். பனிமூட்டத்திலே ஹட்டன் - நுவரெலியாத் தெருவில் வரும் லொறிக்கு மனிதன் தெரியமாட்டான். நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறம் செல்வதால், ஓடுபவர் வலப்புறமாக, எதிரே வருவதைப் பார்த்தபடி ஓட வேண்டும். வெளிர்நிறச் சட்டையும் கைவிளக்கும் இல்லாமல் இருளில் தெருவில் இறங்கக் கூடாது. தண்டவாளத்தின்மேல் ஓடும் பழக்கம் இங்கு பலரிடம் உண்டு. பனியிற் சத்தம் எத்திசையிலிருந்து வருகிறதென்று தெரியாது. அதை அறவே விட்டுவிடுங்கள்.

கூட்டமாக ஓடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. நான் பார்த்த பத்துப் பேரும் அதனைத் தாமே கண்டுபிடித்திருந்தனர். ஒற்றையடிப் பாதையில் மெதுவாக ஓடுபவரை முன்னே விடுவார்கள். அகன்ற பாதை வந்ததும் வேகக்காரர் முன்னே பாய்ந்து செல்வர். குறித்த மரம் வரை சென்று திரும்பிக் கடைசி ஆளுக்குப் பின்னே வந்து சேர்ந்துகொள்வர். இதனால் வல்லவனுக்கு அதிகத் தூரம் கிடைக்கிறது. இயலாதவர் தனித்து விடப்படுவதில்லை. இதைப் பார்த்தபோது எனக்கு ரணதுங்க கருணானந்தாவின் ஞாபகம் வந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய இலங்கையர் அவர். ஏனையோர் யாவரும் முடித்துச் சென்ற பின்னரும், 67ஆம் இலக்கத்தை மார்பிலே தாங்கி, தனியொருவராய் எஞ்சிய சுற்றுகளை ஓடி முடித்தார். முதலில் நகைத்த கூட்டம் முடிவில் எழுந்து கைதட்டிற்று. யப்பானியர் அக்கதையைத் தம் பிள்ளைகளின் பாடநூலிலும் சேர்த்தனர். கருணானந்தாவுக்குத் துணைக்கு எவரும் திரும்பி வரவில்லை. நானுஓயாவில் வருகிறார்கள்.

உணவு என்னும் அத்தியாயத்தை எழுதும்போது பேனா சற்றுத் தயங்குகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு ஒன்று, பெருந்தோட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற வளர்த்தி இன்றி இருக்கக் கண்டது. நாடு முழுவதற்குமான கணக்கு நூற்றுக்கு 17. இவ்வளவு வேற்றுமை இருக்கும் இடத்தில், 'ஓடு, ஓடு' என்று மட்டும் உபதேசிப்பது அழகன்று. இரத்தசோகை உள்ள பெண் ஓடினால் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். உயரத்தில் உடல் புதிய இரத்தத்தை உண்டாக்க இரும்புச்சத்து வேண்டும். அது இல்லாதபோது மெலிந்த காற்றால் நன்மை ஏது? ஓடத் தொடங்குமுன் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது, சப்பாத்து வாங்குவதற்கும் முந்திய செலவு.

இதில் ஒரு விந்தையும் இருக்கிறது. உணவோடு சேர்த்துப் பருகும் தேநீர், அவ்வுணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கிறது. உலகுக்கெல்லாம் தேநீர் தரும் கைகளுக்கு, ரொட்டியோடு குடிக்கும் அந்தச் சாயத் தண்ணீரே பகையாய் நிற்கிறது! தேநீரை விட்டுவிடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இந்தக் குளிரில் யார் கேட்பார்? உண்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய்ப் புளியோ கொய்யாப்பழமோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாய்ச் சேரும். பருப்பு, கீரை, குரக்கன், நெத்தலி ஆகியவை தோட்டத்துக் கடையிலும் கிடைப்பவையே.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தடை மிஞ்சியிருக்கிறது. அதுவே பெருந்தடை. ஆண்களுக்குக் கவ்வாத்தோ முள்ளுக்குத்தோ பெரும்பாலும் மதியத்துக்குப் பின் முடிந்துவிடும். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஐந்து மணிக்கு மலை வேலை முடிந்து, அடுப்பு வேலை தொடங்குகிறது. பீலியில் தண்ணீர், பிள்ளைக் காம்பிராவிலிருந்து குழந்தை, மாவு பிசைதல், விறகு. அந்த ஒரு மணி நேர வெளிச்சம் அவளுடையதன்று. பாடசாலையில் ஓடிய பெண்கள் பலர் ஓட்டத்தை விட்டது கால் வலியாலோ குளிராலோ அல்ல, இந்த ஒரு மணி நேரத்தை யாரும் அவர்களுக்குக் கொடாததால். எந்த அட்டவணையை நான் வகுத்துத் தந்தாலும், வீட்டில் வேறொருவர் கை மாவில் படாதவரை அது காகிதத்திலேயே இருக்கும். இதைத்தான் அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

சென்ற கிழமை வியாழக்கிழமை மாலை அவ்வழியாக நடந்து போனேன். தொழிற்சாலைப் பாதையில் மூன்று பெண்கள் ஓடிக்கொண்டிருந்தனர், நடுவிலே அவள். லயத்து வாசலில் அவளுடைய தந்தையார், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுப்பின் முன்னே உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். ரொட்டி வட்டமாகவும் இல்லை, சதுரமாகவும் இல்லை. என்னைக் கண்டதும் சற்று நாணினார். அதற்குள் மகள் வளைவில் தெரிந்தாள்.

"இந்தா புள்ள, கல்லு காஞ்சிருச்சு!" என்று குரல் கொடுத்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். மேற்கு மலையில் இன்னும் சிறிது வெளிச்சம் இருந்தது. "சரி, இன்னொரு சுத்து இருந்தா ஓடிட்டே வா. நான் பாத்துக்கிறேன்."